சொணக்கம்

சொணங்கிக் கிடக்கு என்றுதான் சொன்னேன். என் காதுக்கே கேட்டது. மெதுவாகத்தான் கேட்டது, ஆனாலும் கேட்டது, பிள்ளை காலையில இருந்து சொணங்கிக் கிடக்கு சிஸ்டர் என்று. அந்த நர்ஸம்மா குனிந்து எழுதிக்கொண்டே "சிணுங்கிட்டே இருக்கா?" என்று கேட்டாங்க, நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன். யார் என்ன கேட்டாலும் ஆடுகிற தலை இது, ரேஷன் கடையில் பருப்பு வரலை போ என்றாலும் ஆடும், பஸ்ஸில் கண்டக்டர் உள்ளே தள்ளி நில்லு என்றாலும் ஆடும், அது பாட்டுக்கு ஆடிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள், வழி விடு வழி விடு என்று ஒரே சத்தம், லாரியில் அடிபட்ட ஆளாம், என்னைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸம்மாவின் கண் என்னைத் தாண்டி அங்கே போய்விட்டது. போகிறபோதே, "அழுற கொழந்தன்னா பயமில்லம்மா, தெம்பு இருக்குன்னு அர்த்தம், போய் உக்காருங்க, ஏதாச்சும் மாறினா உடனே வந்து சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையின் கையில் பச்சைப் பட்டையைச் சுற்றி ஒட்டிவிட்டாங்க. அழுகிற குழந்தை. எங்கே அழுதது. நேற்று அழுதது, விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் வீட்டையே ரெண்டாக்கியது, வாந்தி, வயிற்றால் போவது, தண்ணீர் கொடுத்தால் அதுவும் வாந்தி. இன்று விடிந்ததில் இருந்து அழவில்லை. அதைத்தான் நான் சொன்னேன். எங்கள் பக்கம் பறித்துப் போட்ட கீரை வெயிலில் துவண்டு போனால் சொணங்கிப் போச்சு என்போம், கோழிக்குஞ்சு இரை பொறுக்காமல் மூலையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் சொணங்கி நிக்கி என்போம். நர்ஸம்மா சேலம் பக்கமோ தருமபுரி பக்கமோ, பேச்சே வேறு மாதிரி இருக்கிறது, அவங்க ஊரில் இந்த வார்த்தை இல்லையோ என்னவோ. சொணங்குவதற்கும் சிணுங்குவதற்கும் நடுவில் என்ன இருக்கிறது, உதட்டை ஒரு சுழி சுழிக்கிறதுதான். ஆனால் ஒன்றில் பிள்ளை நம்மைக் கூப்பிடுகிறது. இன்னொன்றில் கூப்பிடுவதை விட்டுவிடுகிறது.

பத்து மணிக்குப் பட்டை கட்டினாங்க, இப்போது பத்தேகால். நாற்காலி இரும்பு, ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, தொடையில் அச்சு விழுந்திருக்கும். எதிர்ச் சுவரில் பெரிய போர்டு, புதிதாக வைத்தது, பெயிண்ட் வாடைகூடப் போகவில்லை. நான் ஆறாம் வகுப்பில் பாதியில் நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் படிப்பேன். சிவப்பு, உடனே. மஞ்சள், சற்று நேரத்தில். பச்சை, காத்திருக்கலாம். காத்திருக்கவும் என்றுகூட இல்லை, காத்திருக்கலாம், ஏதோ ஆசைப்பட்டுக் கேட்டவளுக்குச் சரி இருந்துக்கோ என்று சொன்ன மாதிரி. அதற்குக் கீழே அமைதி காக்கவும் என்று இன்னொரு போர்டு, ஒரு பொம்பளை உதட்டில் விரல் வைத்திருக்கிற படம். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. இங்கே யாரும் கத்த வேண்டியதில்லை, கையில் நிறம் இருக்கிறது, நிறமே நமக்காகப் பேசும், என்னைப் போல வாயில்லாத ஆளுக்கு நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன். பக்கத்து நாற்காலியில் எஸ்தர் அக்கா, இங்கே வந்துதான் பழக்கம், காலில் துருப்பிடித்த ஆணி ஏறி, ஈரத்துணி சுற்றி எதிர் நாற்காலியில் தூக்கி வைத்திருக்கிறது, அதன் கையிலும் பச்சைதான். "ஏ பிள்ளை, பச்சைன்னா போலாம்னுல்லா நான் நெனச்சேன். சிக்னல்ல அப்பிடித்தான. நான் பாட்டுக்கு நொண்டிக்கிட்டே உள்ள போறேன், இந்த செக்யூரிட்டி கையை நீட்டுதாரு, எக்கா பச்சைன்னா நில்லுங்காரு. உலகமே தலைகீழால்லா கெடக்கு." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், வாசலில் நின்ற செக்யூரிட்டியும் சிரித்தார், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. சூடாக, சின்னதாக, அவசர அவசரமாக வந்தது. "போன வருசம் வந்திருந்தா பாத்திருப்ப. டாக்டரைச் சுத்தி ஈ மாதிரி மொய்ப்போம், எவன் தொண்டை பெருசோ அவன் சீட்டு மேல. எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலின்னு நான் போட்ட சத்தத்துல பக்கத்து வார்டு ஆளுகளே எந்திரிச்சு வந்துட்டாக. கடைசியில என்ன, கேஸ் டிரபுள். ரெண்டு ஏப்பம் விட்டுட்டு நடந்து வீட்டுக்கு வந்தாரு." மறுபடியும் சிரிப்பு. அக்கா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காலைப் பார்த்தது. "எனக்கு முன்னால ஒரு பெரியவர் நின்னாரு. வாயே தொறக்கல. மரியாதையா, கையைக் கட்டிக்கிட்டு. நான் அவரைத் தள்ளிக்கிட்டுத்தான் முன்னால போனேன்." அவருக்கு என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை, கேட்டால் அக்கா சொல்லிவிடும். பிறகு என் பெயரைக் கேட்டது, பேச்சியம்மா என்றேன், "பேரு பேச்சி, வாயில பேச்சக் காணுமே" என்றது. எல்லாரும் சொல்கிறதுதான், பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னது, கல்யாணத்தன்று மாமியார் வீட்டில் சொன்னது, பிள்ளை காக்கிற சாமி பெயர் என்று எனக்கு வைத்தார்கள், சாமிக்குக் கோபம் வந்தால் ஊரே கேட்கும், எனக்கு வந்தால் எனக்கே தெரியாது. "பிள்ளை பேரு?" "கனிஷ்கா." "எத்தன மாசம்?" "பத்து." "இப்ப எப்பிடி இருக்கு?" "பரவாயில்லக்கா." ஏன் அப்படிச் சொன்னேன். அம்மா சொல்லித் தந்தது, பிள்ளைச் சீக்கை வாய்விட்டுச் சொல்லக்கூடாது, சொன்னால் அது காலை நீட்டி உட்கார்ந்துவிடும், யார் கேட்டாலும் பரவாயில்லை என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிட வேண்டும். டாக்டர் கேட்டால் என்ன செய்வது என்று அம்மா சொல்லவில்லை.

உச்சிக்குழி. தலைக்கு எண்ணெய் வைக்கிறபோது உள்ளங்கையில் துடிக்கும், மெத்தென்று மேலே நிற்கும். இப்போது விரல் வைத்தால் உள்ளே போகிறது, பிசைந்து வைத்த மாவில் கரண்டி பட்ட இடம் மாதிரி ஒரு பள்ளம். நான் தடவுவதாலே பள்ளமாகிறதோ என்று கையை எடுத்துவிட்டேன். எடுத்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, உதட்டைத் தொடுகிறது, உதடு காய்ந்த வெங்காயத் தோல், ஜட்டிக்குள் விரலை விடுகிறது, காய்ந்துதான் கிடக்கிறது, வீட்டில் மாற்றிவிட்ட அதே ஜட்டி, பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்தோம், மடி நனையவில்லை, அப்போது அதை நல்லதாகத்தான் நினைத்தேன், பிள்ளை சமத்தாக வருகிறது என்று. பக்கத்தில் இருந்த ஒரு ஆள்கூடச் சொன்னார், தங்கமான பிள்ளை, சத்தமே இல்லை என்று. நானும் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். பெருமையாக. என் வீட்டுக்காரர், அவுக லோடு வண்டியில் திருச்சி போயிருக்காக, போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பொம்பளை சொல்கிறாள், மூன்று தடவை அடித்தேன், மூன்று தடவையும் அவள் சலிக்காமல் சொன்னாள். அவுக இருந்தால் நான் பேச வேண்டியதே இல்லை, நான் அவுக சட்டையின் முதுகை இழுத்தால் போதும், அவுக பேசிக்கொள்வாக. இங்கே இழுப்பதற்கு ஒரு சட்டையும் இல்லை. பத்தே முக்கால். ஏதாச்சும் மாறினா வந்து சொல்லணும். மாறினால். எதுவும் மாறவில்லையே, வந்தபோது எப்படிக் கிடந்ததோ அப்படியே கிடக்கிறது, வரும்போதே இப்படித்தானே இருந்தது, மாறாததை எப்படிப் போய்ச் சொல்வது. இந்தக் கணக்கு சரியில்லை என்று எனக்குத் தெரிகிறது, எந்த இடத்தில் சரியில்லை என்று பிடிக்க முடியவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தது, கழுத்தில் அட்டை, கையில் புத்தகம் அளவுக்கு ஒரு போன், என்னைவிட ரெண்டு வயது சின்னதாக இருக்கும், ஒவ்வொரு நாற்காலியாகக் குனிந்து கேட்டுக்கொண்டே வந்தது. "அக்கா, இங்க காத்திருக்கிற நேரத்தைக் குறைக்கிறதுக்காக ஒரு கணக்கு எடுக்கிறோம். எத்தனை மணிக்கு வந்தீங்க?" ஒன்பது அம்பது என்றேன். "பட்டை எப்பக் கட்டினாங்க?" பத்து. "டாக்டர் பாத்தாச்சா?" இல்லை. ஒவ்வொன்றுக்கும் விரலால் ஒரு தட்டு. "பச்சைக்கு இப்ப ஒண்ணரை மணி நேரம் ஆகுதுக்கா. மூணு மாசத்துக்கு முன்னாடி நாலு மணி நேரம். நல்லாவே குறைஞ்சிருக்கு" என்று சிரித்தது, அதுவே வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு நிமிசமாகக் குறைத்த மாதிரி சந்தோசம், பாவம், நல்ல பெண். ஒண்ணரை மணி நேரம். பத்திலிருந்து ஒண்ணரை என்றால் பதினொன்றரை. இன்னும் முக்கால் மணி நேரம் கிட்ட இருக்கிறது. இதனிடம் சொல்லிவிடலாம், இது சின்னப் பெண், இது திட்டாது, அந்த நர்ஸம்மாவுக்கு நான் சொன்னது வேறு மாதிரி கேட்டுவிட்டது என்று சொன்னால் போதும். ஆனால் அது தட்டுகிற கட்டங்களில் அதற்கு இடம் இருக்குமா, நான் சொல்வதை எந்தக் கட்டத்தில் போடும். தவிர, நர்ஸம்மாவை மாட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும், கேட்டபோது தலையை ஆட்டியவள் நான்தானே. கடைசியாக அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து, "வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களா அக்கா?" என்றது. அப்படியே கேட்டது. கட்டம் இருந்திருக்கிறது. எனக்காகவே ஒரு கட்டம் இருந்திருக்கிறது. என் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. ஒன்றுமில்லை என்று தட்டிவிட்டு எஸ்தர் அக்காவிடம் போய்விட்டது. "எனக்கு ரெண்டு பக்கத்துக்குச் சொல்லணும் தாயி, அந்த போன் தாங்குமா?" என்று அக்கா ஆரம்பித்தது, எல்லாரும் சிரித்தார்கள், எனக்குச் சத்தம் மட்டும் வந்தது, தண்ணீருக்குள் இருந்து கேட்கிற மாதிரி.

புகை வந்த அன்றைக்கும் இப்படித்தான். கல்யாணத்துக்கு முந்தி நான் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினேன், சட்டத்தில் குச்சிகளை வரிசையாக அடுக்க வேண்டும், என் கை வேகம், ஒடிந்த குச்சி, வளைந்த குச்சி எல்லாம் கண் பார்க்க வேண்டாம், விரல் படும்போதே தெரியும், எடுத்துப் போட்டுவிடுவேன். ஆயிரம் குச்சியில் ஒன்று தப்பும். தப்பினது நல்ல குச்சிகளோடு குச்சியாக மருந்தில் முங்கி, காய்ந்து, பெட்டிக்குள் போய்விடும், அதற்குப் பிறகு அதை யார் பார்ப்பார்கள். நர்ஸம்மாவின் வேலையும் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது, வருகிற ஆட்களைத் தொட்டுத் தொட்டுப் பிரிக்கிறாங்க, இது முதலில், இது அப்புறம், காலையில் இருந்து நூறு பேர் இருக்கும், அவங்களுக்கும் ஒன்று தப்பும். தப்பினது என் மடியில் கிடக்கிறது. அன்று மருந்து முக்கிக் காயப் போட்டிருந்த சட்டங்களுக்கு நடுவில் ஒரு கோடு மாதிரி புகை எழுந்தது, முதலில் பார்த்தது நான்தான். வெற்றிலைக் கொடி மாதிரி வளைந்து வளைந்து மேலே போனது, அழகாகக்கூட இருந்தது. நான் சுற்றிப் பார்த்தேன். முப்பது பேர் இருக்கிறார்கள், இத்தனை பேரில் யாராவது பார்த்திருப்பார்கள், யாராவது சொல்வார்கள், நான் கத்தி அது வெறும் தூசியாக இருந்துவிட்டால் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி நினைத்துக்கொண்டே நான் இன்னும் ரெண்டு வரிசை அடுக்கினேன். ரெண்டு வரிசை. கை நிற்கவே இல்லை. அப்புறம் என் பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்த கனகுதான் கத்தினாள், கத்திக்கொண்டே ஓடிப் போய்ச் சட்டத்தை இழுத்தாள், எல்லாரும் தப்பித்தோம், அவள் வலது கை முழங்கை வரைக்கும் தோல் சுருங்கிப் போய்விட்டது. இப்போதும் முழுக்கை ஜாக்கெட்தான் போடுவாள். தெருவில் பார்த்தால் பேச்சி நல்லா இருக்கியா என்று கேட்பாள், நான் தலையை ஆட்டுவேன். நான் முதலில் பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ரெண்டு வரிசைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பல நாள் கணக்குப் போட்டிருக்கிறேன். கனகு கை வெந்த நேரம் அது. இப்போது எத்தனாவது வரிசை அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

கிள்ளிப் பார்த்தால் என்ன. அந்த நினைப்பு வந்ததும் எனக்கே என் கையைப் பார்க்கப் பயமாக இருந்தது, பெற்ற பிள்ளையைக் கிள்ளுகிற கை. ஒன்றரை மாதத்தில் தடுப்பூசி போட்டபோது அந்தக் கத்துக் கத்தியது, சுகாதார நிலையமே திரும்பியது, அன்று எனக்கு அவமானமாக இருந்தது, உஷ் உஷ் என்று வாயைப் பொத்தாத குறை. என் பிள்ளைக்கு என் வாய் வரவில்லை என்று அன்றைக்கு அவுக சொல்லிச் சிரித்தாக. சேலைத் தலைப்பை மேலே போட்டு மறைத்துக்கொண்டு தொடையில் லேசாகக் கிள்ளினேன். ஒன்றுமில்லை. தூங்குகிறது, தூங்குகிற பிள்ளைக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் அழுத்திக் கிள்ளினேன். கண் பாதி திறந்தது, கருப்பு விழி மேலே செருகி இருந்தது, என்னைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை, மறுபடியும் மூடிக்கொண்டது. வாய் கோணவில்லை. அழுவதற்கு முன்னால் கீழுதடு பிதுங்கும், அதுவும் இல்லை. விரலை எடுத்துவிட்டேன், கிள்ளின தோல் எடுத்த இடத்தில் அப்படியே நின்றது, மடித்துவைத்த துணியின் மடிப்பு மாதிரி நின்றது, நின்றது, பிறகு மெதுவாக, மனசில்லாமல், கீழே இறங்கியது. பதினொன்றுக்கு மூன்று நிமிடம். பச்சைப் பட்டை மணிக்கட்டில் இருந்து நழுவி முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது, கட்டும்போது சரியாக இருந்ததா, அப்போதே தொளதொள என்று இருந்ததா. மாறிவிட்டது. இல்லை, மாறவில்லை. மாறியதா மாறவில்லையா என்று யாரிடம் கேட்பது. யாரிடமும் கேட்க வேண்டாம், எழுந்திரு. எழுந்திரு பேச்சி. கால் மரத்துப் போயிருந்தது.

"எங்க, பாத்ரூமுக்கா? பையை நான் பாத்துக்கிடுதேன், போ" என்றது எஸ்தர் அக்கா. நான் தலையை ஆட்டினேன், அதற்கும் ஆட்டினேன். நர்ஸம்மா மேசைக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆறு பேர். நான் பக்கவாட்டில் போய் நின்றேன். நின்றால் பார்ப்பாங்க என்று நினைத்தேன், குனிந்து எழுதிக்கொண்டே இருக்காங்க. தலைக்குக் கட்டுப்போட்ட ஒருவர், "எம்மா, வரிசையில வா. நாங்கெல்லாம் கோயிலுக்கா வந்திருக்கோம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என் தலை ஆடியது, கால் அது பாட்டுக்குத் திரும்பியது, வரிசைக் கடைசியில் போய் நின்றுவிட்டேன். நின்றேன். ஏழாவது ஆள். இதோ நிற்கிறேனே, எழுந்து வந்துவிட்டேனே, ஒன்றுமே செய்யாமல் இல்லையே, வரிசை நகரும், என் முறை வரும், அப்போது சொல்லலாம். ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிசம் என்றால் முப்பது. முப்பது நிமிசம் அல்லது ரெண்டு வரிசை. ஒருவர் நகர்ந்தார், நானும் ஒரு எட்டு வைத்தேன், அந்த அசைவில் என் தோளில் கிடந்த பிள்ளையின் கை நழுவிக் கீழே விழுந்து ஆடியது, என் முதுகில் வந்து தட்டியது. எப்போதும் என் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டே தூங்கும், தூக்கத்தில்கூட விடாது, விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். தட்டியது, திரும்ப ஆடிப்போய்த் தட்டியது, யாரோ பின்னால் இருந்து என்னைக் கூப்பிடுகிற மாதிரி. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. மஞ்சள் கோடு என் காலுக்குக் கீழே இருந்தது, பிறகு பின்னால் இருந்தது. மேசை விளிம்பு என் வயிற்றில் இடித்தது. எழுதுகிற அட்டையின் மேலேயே பிள்ளையைக் கிடத்திவிட்டேன். "என்னம்மா இது, கூப்பிடுவோம்ல" என்று நர்ஸம்மா நிமிர்ந்தாங்க, பின்னால் அந்த ஆள் ஏதோ சொன்னார், செக்யூரிட்டி எக்கா எக்கா என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். சொணங்கி என்று சொன்னால் மறுபடியும் அதே மாதிரிதான் கேட்கும், அந்த வார்த்தை இங்கே செல்லாது, வேறு வார்த்தை எனக்குத் தெரியாது, தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை, அப்புறம் அவங்க வார்த்தையே அகப்பட்டது. "சிணுங்கல" என்றேன். "என்ன?" "சிணுங்கல சிஸ்டர். காலையில இருந்து சிணுங்கவே இல்ல. கிள்ளினாலும் சிணுங்க மாட்டேங்கு. பாருங்க." எல்லாரும் பார்க்க, என் பிள்ளையின் தொடையை அழுத்திக் கிள்ளினேன். ஒரு சத்தமும் இல்லை. நர்ஸம்மா என்னைப் பார்க்கவில்லை, தோலைப் பார்த்தாங்க, நின்ற மடிப்பைப் பார்த்தாங்க, பேனா கீழே உருண்டு விழுந்தது. வயிற்றுத் தோலை அவங்களே ஒரு தடவை கிள்ளிவிட்டு விட்டாங்க, உச்சியைத் தொட்டாங்க, இமையைத் தூக்கினாங்க. "மூத்திரம் எப்பப் போச்சு?" "நேத்து." "நேத்தா?" பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு அவங்க ஓடினாங்க, ஓடிக்கொண்டே ரெட், ரெட், டாக்டரைக் கூப்பிடு என்று சொன்னாங்க, நான் பின்னால் ஓடினேன், திரும்பிப் பார்க்காமலே கேட்டாங்க, "ஏம்மா, வந்த உடனே சொல்றதுக்கென்ன?" "சொன்னேன்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை ஒருவருக்கு எதிர்த்துப் பதில் சொன்னேன். "சொணங்கிக் கெடக்குன்னு சொன்னேன்."

திரைச்சீலைக்கு வெளியே என்னை நிறுத்திவிட்டார்கள். அதுவும் பச்சைதான். கத்தரித்துப் போட்ட பட்டை தரையில் கிடந்தது, எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன், எதற்கு என்று தெரியவில்லை. திரைக்குக் கீழே கால்கள் தெரிகின்றன, நாலு பேர் கால், நர்ஸம்மாவின் வெள்ளைச் செருப்பு, டாக்டரின் ஷூ. "வெயின் கிடைக்கல" என்று டாக்டர் குரல், வயசான குரல் இல்லை, அவருக்கும் பயமாக இருக்குமோ. "அந்தக் கை பாருங்க." "இதுலயும் இல்ல, ஒட்டிக் கெடக்கு." "கால்." ஊசி போகிறது, வெளியே வருகிறது, மறுபடியும் போகிறது, எல்லாம் எனக்கு என் கையிலேயே தெரிகிறது, பிள்ளைக்குத்தான் தெரியவில்லை. ஒரு ஊசி. ரெண்டு. மூன்று. ஒரு சத்தம் இல்லை. பஸ்ஸில் அந்த ஆள் சொன்னார், தங்கமான பிள்ளை. நான் கும்பிடுகிற சாமியிடம் எல்லாம் உயிரைக் கேட்கவில்லை, அவ்வளவு பெரிய வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை, ஒரு சத்தத்தைக் கேட்டேன், அழுகைகூட வேண்டாம், அழுகைக்குப் பாதி, அந்தப் பாதிக்கும் பாதி. ஒருமுறை நர்ஸம்மா ஏதோ எடுக்க வெளியே வந்தாங்க, நெற்றியெல்லாம் வியர்வை, போனவங்க நின்று, "அந்த வார்த்தை இன்னொரு தடவை சொல்லும்மா" என்றாங்க. சொன்னேன். அவங்க வாய்க்குள் சொல்லிப் பார்த்தாங்க, சொணங்குது, சொணங்குது. உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாங்க. எழுதிவிட்டு உள்ளே போனாங்க, நான் அதற்குள் அஞ்சு எழுத்து நேரம் போய்விட்டதே என்று துடித்தேன். பிறகு எதுவும் இல்லை. வெள்ளைச் செருப்பு அசையவில்லை. யாரும் பேசவில்லை. யாரும் பேசாமல் இருப்பது நல்லதா கெட்டதா, ஆபீஸில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினால் மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம், இங்கே என்ன அர்த்தம். சுவர்க் கடிகாரம் இங்கிருந்து தெரியவில்லை. பட்டையை விரலில் சுற்றினேன், பிரித்தேன், சுற்றினேன், பிரித்தேன். பின்னால் டக், டக் என்று ஒற்றைக்கால் சத்தம், எஸ்தர் அக்கா என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் திரைக்குள் ஏதோ கேட்டது. கதவுக் கீல் மாதிரி. இல்லை, கதவு இல்லை. பூனைக்குட்டி மாதிரி, மூக்கால், கோபமாகக்கூட இல்லை, சலிப்பாக, என்னை ஏன் எழுப்புகிறீர்கள் என்கிற மாதிரி ஒரு இழுப்பு. நின்றுவிட்டது. மறுபடியும் இழுத்தது. "ஏ பிள்ளை, உள்ள எப்பிடி இருக்கு?" என்றது அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே. பரவாயில்லை என்ற சொல் பழக்கத்தில் பாதி வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"சிணுங்குதுக்கா" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, வாசலில் நின்ற செக்யூரிட்டி திரும்பிப் பார்த்தார்.